காயப்போடத் தயங்கும் நெல் விவசாயி

நீர்ச் சிக்கன நெல் சாகுபடி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "தொழில்நுட்பம் தயாராக இருக்கிறது, விவசாயிகளின் மனநிலைதான் மாறவில்லை" என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. சேற்றில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள்கூட அதை அதே உறுதியோடு திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புதிய முறைகளின் மீது நெல் விவசாயிகள் காட்டும் தயக்கத்தில் பெரும்பகுதி, தங்கள் தொழிலின் வரவு செலவை நன்றாக அறிந்தவர்கள் காட்டும் தயக்கம் என்றே கருதுகிறேன்.

தண்ணீரைக் குறைக்க வேண்டிய தேவையை நான் மறுக்கவில்லை. உலகில் பாசனத்துக்கு எடுக்கப்படும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நெல்லுக்கே போகிறது. ஒரு கிலோ நெல் விளைவதற்கு மழையும் பாசனமுமாகச் சேர்ந்து சராசரியாக 2,500 லிட்டர் நீர் வயலுக்குள் வரவேண்டியிருக்கிறது. அதில் கணிசமான பகுதி பயிருக்குப் பயன்படாமல் மண்ணுக்குள் இறங்கியும் வரப்போரம் கசிந்தும் போய்விடுகிறது. நெல் நீர்வாழ் தாவரமும் அன்று. தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருப்பதால் அது தேங்கிய நீரைத் தாங்கிக்கொள்கிறதே தவிர, நட்டது முதல் அறுவடை வரை தண்ணீரில் நின்றாக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

ஆனால் வயலில் தண்ணீரை நிறுத்திவைப்பது பயிரின் தாகத்துக்காக மட்டும் அன்று. தேங்கிய நீருக்கடியில் பல களை விதைகள் முளைப்பதில்லை. வயல் சில நாள் காய்ந்தால் கோரையும் குதிரைவாலிப் புல்லும் தலைகாட்டிவிடும், அவற்றை எடுக்க ஆள் தேட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது விவசாயியின் கையில் இல்லை. மடையைத் தாண்டி வயலுக்குள் வந்து நிற்கும் தண்ணீர் மட்டுமே அவருக்குச் சொந்தம். அதை அவர் தானாக முன்வந்து காயவிட வேண்டும் என்றால், அடுத்த முறை தண்ணீர் வரும் என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும்.

பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய காய்ச்சலும் பாய்ச்சலுமான பாசன முறையை எடுத்துக்கொள்வோம். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பகுதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே சேர்ந்த மண்ணை அள்ளிவிடுகிறார்கள். மேல்மண் வெடிக்கத் தொடங்கியிருந்தாலும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். அது தரைமட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகு, மறுபடியும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. இப்படிச் செய்தால் விளைச்சல் பொதுவாகக் குறைவதில்லை. எளிய, மலிவான, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. இதில் உள்ள சிக்கலெல்லாம் ஒன்றுதான்: குழாயில் நீர்மட்டம் 15 சென்டிமீட்டரைத் தொடும் அந்த நாளில் விவசாயியால் தண்ணீர் கட்ட முடிய வேண்டும். சொந்தப் பம்பு வைத்திருப்பவரால் அது முடியும். முறைப்பாசனத்தில் தன் முறைக்காகக் காத்திருப்பவருக்குக் குழாய் ஒரு கணக்குச் சொல்லும், வாய்க்கால் வேறொரு கணக்குச் சொல்லும்.

அதே பிலிப்பைன்ஸின் தார்லாக் மாகாணத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரைப் பகிர்ந்துகொண்ட விவசாயிகள் 2000-களின் தொடக்கத்தில் இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள். பம்பை ஓட்டும் எரிபொருளுக்கு அவர்கள்தாம் பணம் கொடுத்தார்கள். மிச்சமான ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கே மிச்சமானது. போஹோல் தீவின் அணைப் பாசனத்தில் வேறு வழி தேவைப்பட்டது. அங்கே ஒவ்வொரு விவசாயியின் மனமாற்றத்துக்காகவும் காத்திராமல், வாய்க்காலில் நீர் விடுவதையே முறைவைத்து அமைத்தார்கள்; மேல்மடையில் தேங்கிக் கிடந்த தண்ணீர் கடைமடைக்கும் எட்டியது. கடைமடைக்காரருக்கு இந்த முறை நன்மையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

வங்கதேசத்தில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. அங்கே பம்பு உரிமையாளருக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கட்டணம் கொடுத்துத் தண்ணீர் வாங்கும் விவசாயிகள் ஏராளம். அப்படிப்பட்டவர்களிடம் துளைக் குழாயைக் கொடுத்தபோது நீர்ப் பயன்பாடு குறையவில்லை. பயன்படுத்திய அளவுக்கேற்பப் பணம் கொடுப்பவர்களிடம்தான் குறைந்தது. விரும்பினால் கட்டணத்தை மணிக்கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஊக்குவித்ததோடு நின்றபோதும் தண்ணீர் மிச்சமாகவில்லை. குழாயும் அதே குழாய்தான், விவசாயிகளும் அதே நாட்டு விவசாயிகள்தாம். ஆக, மனநிலை என்று நாம் பெயரிடுவதில் பெரும்பங்கு கட்டண முறைக்கு உரியது.

வயலைக் காயவிடுவது என்றாலே நெல் விவசாயிக்கு ஆகாது என்பதும் உண்மையில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் பருவத்தின் நடுவில் நீரை வடித்து வயலைக் காயப்போடுவது பரவலான வழக்கம். தண்ணீர் மிச்சமாகும் என்று அவர்கள் அதைச் செய்யவில்லை. கதிர் விடாத வீண் தூர்கள் (பக்கத் தண்டுகள்) அடங்கும், வேர் பலப்படும், பயிர் சாயாது என்பதற்காகச் செய்தார்கள். பலன் தங்கள் வயலிலேயே கண்ணுக்குத் தெரிந்ததால் வடித்தார்கள்.

நீர்ச் சிக்கன முறைகளில் இன்னொன்றான செம்மை நெல் சாகுபடியின் கதை வேறு. 1980-களில் மடகாஸ்கரில் ஹென்றி டி லௌலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய அந்த முறையில் 8 முதல் 12 நாள் வரையான இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும்; உருளும் களைக்கருவியைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அதன் விளைச்சலைப் பற்றி விஞ்ஞானிகளே கடுமையாக வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. மடகாஸ்கரிலேயே பலர் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையில் காசும் வீட்டில் தானியமும் தீர்ந்திருக்கும் மாதங்களில் இந்த முறை கூடுதல் உழைப்பைக் கேட்டது. ஏழை விவசாயி அந்த நாட்களில் அன்றைய சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தாக வேண்டும். தன் வயலில் கருவி ஓட்டினால் கூலி அறுவடைக்குப் பிறகுதான் வரும். இதை அறியாமை என்று சொல்வது அநியாயம். களையெடுப்பு பெண்களின் வேலையாக இருக்கும் இடங்களில் அந்தக் கூடுதல் உழைப்பு யார் முதுகில் ஏறும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

நேரடி விதைப்பு நாற்றங்காலையும் நடவையும் தவிர்ப்பதால் ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் தானாகவே பரவுகிறது. களைக்கொல்லிச் செலவும், பயிரோடு பயிராக நின்று அறுவடைக்கு முன்பே உதிர்ந்துவிடும் களைநெல்லும் அதன் விலை.

இப்போது, தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து வெளியேறிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவைக் குறைத்தால், அதற்கு ஈடாகக் கார்பன் பணம் கிடைக்கும் என்ற புதிய வாக்குறுதியும் வந்திருக்கிறது. வயலை அவ்வப்போது காயவிட்டால் மீத்தேன் வெகுவாகக் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் எந்த வயல் எத்தனை நாள் காய்ந்தது என்று அளந்து சான்றளிக்கும் செலவும், இடையில் நிற்பவர்களின் பங்கும் போக விவசாயிக்கு என்ன மிஞ்சும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்பேன்.

மாதிரி வயல்களைப் பற்றி ஒரு கோரிக்கை உண்டு. அவை பெரும்பாலும் சாலையோரத்தில், தண்ணீர் வசதியுள்ள, ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய விவசாயியின் நிலத்தில் அமைகின்றன. வந்து பார்ப்பவர்கள் பயிரைப் பாராட்டிவிட்டு, "அவருக்கு முடியும்" என்று சொல்லிக்கொண்டே திரும்புகிறார்கள். அடுத்த பருவத்தில் மாதிரி வயலைக் கடைமடையில், குத்தகைக்குப் பயிரிடும் ஒருவரின் நிலத்தில் அமையுங்கள். தண்ணீர் எந்தெந்தத் தேதியில் வரும் என்பதை நடவுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் வராமல் பயிர் வாடினால் இழப்பை யார் ஏற்பது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.