பிறக்காதவர்களின் வக்காலத்து

ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: இயற்கையை அழித்து வருங்காலத் தலைமுறைகளைப் பாதிப்பதைச் சர்வதேசச் சட்டத்தில் குற்றமாகச் சேர்க்க வேண்டும் என்று அங்கே பேசினேன். "பிறக்காதவர்களிடம் வக்காலத்து வாங்கி வந்தீர்களா?" என்று ஒரு மூத்த வழக்கறிஞர் கேட்டார், அரங்கமே சிரித்தது. பதில் சொல்ல ஒலிவாங்கி எனக்கு வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

வருங்காலத் தலைமுறைகளுக்கு எதிரான குற்றம் வருங்காலத்தில்தான் நடக்கிறது என்று யார் சொன்னது? செய்பவன் இன்று இருக்கிறான். தெரிந்தே செய்கிறான். பாதிப்பு மட்டும்தான் பிறகு வருகிறது. பசிபிக் பெருங்கடலின் மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியது. அங்கே தங்கிவிட்ட புளூட்டோனியம் பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டுகள் பிடிக்கும். உத்தரவில் கையெழுத்திட்டவர்களுக்குப் பெயர் இருந்தது, பதவி இருந்தது. ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

என் தாத்தா "இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கு" என்று வீட்டை உயில் எழுதி வைத்தார். பெரியப்பா அதை விற்கப் பார்த்தார்; அப்பா வழக்குப் போட்டார்; நீதிமன்றம் தடை விதித்தது. அப்போதும் நான் பிறந்திருக்கவில்லை. நீதிபதி சிரித்ததாக அப்பா சொன்னதே இல்லை. வீடு என்றால் பிறக்காதவனுக்கு உரிமை, கடலும் காற்றும் என்றால் நகைச்சுவையா?

"சட்டத்தில் இல்லாததைக் குற்றம் என்று தண்டிக்க முடியாதே" என்பீர்கள். ஐயா, அதனால்தான் சட்டத்தில் சேர்க்கச் சொல்கிறோம்! இயற்கைக்குப் பரவலான, நீண்டகால, கடுமையான சேதம் விளைவிப்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998ஆம் ஆண்டின் ரோம் சாசனத்தில் போர்க்குற்றமாகவே இருக்கிறது. ஆனால் நாடுகளுக்கிடையே போர் நடந்தால் மட்டும். அமைதிக் காலத்தில் அதே நாசத்தைச் செய்தால் அந்தப் பிரிவு வாய் திறக்காது. அந்த நீதிமன்றம் விசாரிக்கும் இன அழிப்பு முதலான நான்கு குற்றங்களோடு சூழல் அழிப்பை ஐந்தாவது குற்றமாகச் சேர்க்கும்படி 2024இல் பசிபிக் தீவு நாடுகளான வனுவாட்டு, பிஜி, சமோவா ஆகியவை முன்மொழிந்தன. கடல் வாசலுக்கு வந்துவிட்டவர்கள் கேட்கிறார்கள். மேட்டில் இருப்பவர்கள் இலக்கணம் பேசுகிறார்கள்.

"அமெரிக்கா, சீனா, ரஷ்யா, இந்தியா எதுவுமே அந்த நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லையே?" உண்மை. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி இன அழிப்புக்கு எதிரான சட்டத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. "வளர்ச்சி நின்றுவிடும்" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை இன்று எனக்கில்லை.

செய்பவன் இன்று இருக்கிறான். இதைச் சொல்ல எனக்கு யாருடைய வக்காலத்தும் தேவையில்லை.

உண்மையில் அந்தக் கேள்விகூட வலிக்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் இரவு செய்தி அனுப்பியிருந்தார்: "தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சார்." எடுத்துக்கொண்டேன்.