பால் கறி

அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது. போன வாரம் பெரம்பூர் ஸ்டேஷன் வாசலில் பழம் வாங்கப் போனவனிடம் கடைக்காரர் இந்தியில் விலை சொல்லியிருக்கிறார். "அண்ணே, நான் வியாசர்பாடிண்ணே" என்றானாம். அவர் விடவில்லை. "தமிழ் சூப்பரா பேசுறியே, எத்தனை வருஷமா இங்க இருக்க?" வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். ராத்திரி மொட்டைமாடியில் தனியாகக் கேட்டான்: "அத்தை, நாம யாரு?"

எங்கள் அம்மா ஆங்கிலோ இந்தியர், ரயில்வே குடும்பம். அப்பா தமிழர். அண்ணனுக்கு அம்மாவின் வெளுப்பு, அந்தப் பூனைக்கண். எனக்கு அப்பா நிறம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஆனால் தெருவில் அவன் 'சட்டைக்காரி மவன்' (ஆங்கிலோ இந்தியரைத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள்), நான் சும்மா பக்கத்து வீட்டுப் பிள்ளை. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு, பத்தாவது படிக்கும்போது அவன் வீட்டில் இங்கிலீஷ் பேசுவதையே நிறுத்திவிட்டான். அம்மா எது கேட்டாலும் தமிழில்தான் பதில். நான் தலைகீழ். கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு அம்மாவோடு கவுன் போட்டுக்கொண்டு போவேன். அங்கே ஒரு ஆன்ட்டி என்னைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "வேலைக்காரப் பொண்ணையும் கூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டார். அம்மா சிரித்து மழுப்பினார். அந்த மழுப்பல்தான் இன்னும் உறுத்துகிறது.

சட்டத்தைக் கேட்டால் அது வேறு சொல்கிறது. அரசமைப்பின் 366(2) பிரிவின்படி, தந்தைவழியில் ஐரோப்பிய வம்சம் இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியர். தாய்வழி கணக்கிலேயே இல்லை. அம்மா ஆங்கிலோ இந்தியர், அவர் பெற்ற நாங்கள் இல்லை! (மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் ஆங்கிலோ இந்தியர்களுக்கென இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு போய்விட்டன. அது தனிக் கதை.)

அமெரிக்காவில் 2000 கணக்கெடுப்பில்தான் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க முதல்முறை அனுமதித்தார்கள். அப்படி வழி இருந்தும், வெள்ளைக்காரத் தாய் பெற்று வளர்த்த ஒபாமா 2010-இல் கறுப்பர் என்ற ஒன்றை மட்டும்தான் குறித்தார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். தெரு தன்னை எப்படிப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியும். என் அண்ணனுக்கும் தெரிந்திருந்தது, அவன் எதிர்ப்பக்கம் ஓடினான், அவ்வளவுதான்.

'பாதி' என்ற சொல்தான் எனக்கு ஆகாது. பாதி வெள்ளைக்காரன், பாதி தமிழன் என்று தேங்காய் உடைக்கிற மாதிரி. பர்மாவிலிருந்து அறுபதுகளில் வந்த குடும்பங்களிலும் பர்மியப் பாட்டி உள்ள பிள்ளைகள் உண்டு. அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸை ஊரே வரிசையில் நின்று தின்னும், ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் "நேபாளமா?" என்று கேட்கும். தெரு ஒரு பதில் வைத்திருக்கிறது, சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் வாயைத் திறக்காவிட்டால் பிள்ளை அதிலிருந்துதான் எதையாவது பொறுக்கிக்கொள்ளும். எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதனால் அன்று ராத்திரி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த கவுன் கதை உட்பட. "அந்த ஆன்ட்டி இன்னும் இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு நண்பர்களைச் சாப்பிடக் கூட்டி வந்தான். அம்மா (அவனுக்குப் பாட்டி, 'நானா' என்றுதான் கூப்பிடுவான்) மஞ்சள் சோறும் பால் கறியும் செய்திருந்தார். "கறியில பாலா ஊத்துவாங்க?" என்றான் ஒருவன். இவன் ஒரு கறி உருண்டையை எடுத்து அவன் தட்டில் போட்டான். "இதாண்டா பால், இங்கிலீஷ் Ball. எங்க நானா செஞ்சது. தின்னு."