நீதிமன்றமே மாற்றிக்கொண்டதே
ஆங்கிலத்தில் எழுதும் அலுவலகக் கடிதத்தில் ‘பை’ (வாங்கு) என்பதற்குப் பதில் ‘பர்ச்சேஸ்’, ‘ஸ்டார்ட்’டுக்குப் பதில் ‘கமென்ஸ்’ என்று எழுதினால்தான் மரியாதை என்கிறது இங்கே வந்த ஒரு கட்டுரை. என்னால் ஏற்க முடியவில்லை. கடினமான ஆங்கிலத்துக்குப் பேர்போன சட்டத்துறையே இங்கே இறங்கி வந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர் நீதிமன்ற விதிகளில், வழக்குத் தொடுப்பவரைக் குறித்த ‘பிளெயின்டிஃப்’ போய் ‘கிளெய்மன்ட்’ வந்தது. நீதிமன்றத்துக்கு வரச்சொல்லும் ஆணையைக் குறித்த ‘சப்பீனா’ போய் ‘ஆர்டர் டு அட்டெண்ட் கோர்ட்’ வந்தது. நீதிமன்ற அனுமதியைக் குறித்த ‘லீவ்’கூட ‘பெர்மிஷன்’ ஆகிவிட்டது. லத்தீன் வழிச் சொல் என்றாலே கடினம் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்து சொன்ன இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஆனால் இந்த ‘லீவ்’ பழைய ஆங்கிலச் சொல், ‘பெர்மிஷன்’தான் லத்தீன் வழி வந்தது. ‘லீவ்’ என்றால் நம் ஆட்களுக்கு விடுமுறைதானே! எங்கள் புளோக்கில் ஒரு பாட்டிக்கு ‘அவுட்ஸ்டாண்டிங் அமவுன்ட்’டை ‘ரெமிட்’ செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. பேரனின் பள்ளி அறிக்கையில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று பார்த்திருந்தவர், ஏதோ பாராட்டு என்று நினைத்து அதை மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்திவிட்டார். பாக்கியை ‘பே’ பண்ணுங்கள் என்று எழுதியிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பார்; தாமதக் கட்டணமும் விழுந்திருக்காது.