ஏழு பேர், பதினாறு மாதம்

போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் பழைய தோழர் ஒருவர் என்னை ஓரமாகப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னும் லேபரிலை தானோ இருக்கிறாய்? கோர்பினும் வெளியாலை, சாரா சுல்தானாவும் வெளியாலை. நீ ஏன் உள்ளுக்கை நிண்டு மினக்கெடுறாய்?" (கோர்பின் லேபரின், அதாவது பிரித்தானியத் தொழிற்கட்சியின், முன்னாள் தலைவர். சுல்தானா அதன் இடதுசாரி எம்.பியாக இருந்தவர்.) பக்கத்தில் நின்ற மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. அவர் மறுபக்கத்தால் தொடங்கினார். "பதினாலு வருசத்துக்குப் பிறகு ஆட்சி வந்திருக்கு. உங்கட இடதுசாரி ஆக்கள் கொஞ்ச நாளைக்கெண்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டினமோ?"

ஒருவருக்கு நான் கொள்கையை விற்றவன், மற்றவருக்கு வீட்டுக்குள் கல்லெறிபவன். என் வாய்க்குள் அப்போது ரோல்ஸ் இருந்ததால் இரண்டு பேருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுமை இல்லாதவர்கள் கீழே இழுத்துக்கொண்டு போகலாம்.

2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி 33.7 வீத வாக்கோடு 411 ஆசனம் எடுத்தது. அந்த வெற்றி நடந்து மூன்று கிழமை ஆவதற்குள், ஜூலை 23 அன்று, புதிய பிரதமர் ஸ்டாமர் தன் சொந்த எம்.பிக்கள் ஏழு பேரைக் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து ஆறு மாதத்துக்கு இடைநிறுத்தினார். ஜோன் மெக்டொனல், ரெபெக்கா லோங்-பெய்லி, ரிச்சர்ட் பர்கன், சாரா சுல்தானா, அப்சானா பேகம், இயன் பேர்ன், இம்ரான் ஹுசைன். இரண்டு பிள்ளை வரம்பை நீக்கச் சொல்லி ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி கொண்டுவந்த திருத்தத்துக்கு அவர்கள் வாக்குப் போட்டதுதான் குற்றம். திருத்தம் 363க்கு 103 என்று தோற்றுப்போனது. அதாவது அரசுக்கு ஒரு கீறலும் விழவில்லை.

அந்த வரம்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: 2017 ஏப்ரல் 6இலும் அதற்குப் பிறகும் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கும் அதற்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கும், சில விதிவிலக்குகள் தவிர, குறைந்த வருமானக்காரருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியில் பிள்ளைக்கான பங்கு கிடையாது என்பதுதான் அப்போதைய விதி. முதல் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் பசிக்கும் என்று கன்சர்வேடிவ்காரர் போட்ட கணக்கு. 2020இல் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது இதை நீக்கவேண்டும் என்று சொன்ன அதே ஸ்டாமர், 2023இல் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, அப்படியே வைத்திருப்போம் என்றார். ஆக அந்த ஏழு பேரும் அன்றிரவு வாக்களித்தது தங்கள் தலைவர் ஒரு காலத்தில் சொன்னதற்குத்தான்.

மச்சான் இந்த இடத்தில் "எதிர்க்கட்சியின்ரை திருத்தத்துக்கு வோட்டுப் போடலாமோ?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. தந்திரமாகப் பார்த்தால் அது கெட்டித்தனமான இடமல்ல என்று எனக்கும் அப்போது தோன்றியது. ஆனால் தண்டனை அந்த ஏழு பேருக்காக எழுதப்பட்டதே இல்லை. முதல் தடவையாக வெஸ்ட்மின்ஸ்டருக்குள் கால் வைத்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட புதிய எம்.பிக்களுக்குக் காட்டிய பிரம்பு அது.

பிரம்பு வேலை செய்தது. செப்டெம்பர் 10 அன்று முதியவர்கள் வீட்டைச் சூடாக்கக் கொடுக்கும் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை, வருமானம் குறைந்தவர்களுக்கான பென்ஷன் கிரெடிட் போன்ற உதவி எடுப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வாக்கெடுப்பு வந்தபோது, எதிர்த்து வாக்களித்த லேபர் எம்.பி ஒரே ஒருவர்: ஜோன் ட்ரிக்கெட். ஐம்பது பேர் வரை வாக்களிக்கவே இல்லை. அவர்களில் சிலருக்கு உண்மையாகவே வேறு அலுவல் இருந்திருக்கும். மற்றவர்களுக்கு வந்தது ஒருநாள் காய்ச்சல்.

அந்த மாரிக்கு நான் வடமேற்கு லண்டனில் துண்டுப்பிரசுரத்தோடு கதவு தட்டித் திரிந்தவன். ஒரு வீட்டில் எங்கள் ஊர் அம்மா ஒருவர். வாசலிலேயே கோட் போட்டபடி நின்றார். வெளியில் போகப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். இல்லை, வீட்டுக்குள்ளேயே கோட். "தம்பி, உங்கட ஆக்கள் என்ரை ஹீற்றர் காசையும் எடுத்துப்போட்டினம். இதைத் தந்திட்டுப் போறியே?" என்று பிரசுரத்தைக் காட்டிக் கேட்டார். நான் என்ன சொல்ல? பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று விளக்கம் கொடுத்தேன். ஒரு சின்ன பென்ஷன் இருப்பதால் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டாராம். தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்த நேரம் மாதிரி எனக்கு என் கட்சியைப் பற்றி வெட்கப்பட்ட நேரம் குறைவு.

இப்போது உள்ளே நடந்ததைப் பாருங்கள். அதே செப்டெம்பரில் லிவர்பூலில் நடந்த கட்சி மாநாட்டில் யுனைட் தொழிற்சங்கம், அந்த வெட்டைத் திருப்பி எடுக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தது. மாநாட்டில் பாதி வாக்கு தொழிற்சங்கங்களுடையது, மற்றப் பாதி தொகுதிக் கட்சிகளுடையது. தீர்மானம் நிறைவேறியது. அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அசையவில்லை. பத்திரிகைகள் ஒருநாள் எழுதிவிட்டு மறந்தன. ஆனால் கட்சிக் கிளைகளில் மறக்கவில்லை. எங்கள் கிளையிலும் ஒரு தீர்மானம் போட்டோம். தேவாலய மண்டபம், இருபது பேர், பிளாஸ்டிக் கதிரை. இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றோம். எதிர்த்தவர்களில் ஒருவர் கூட்டம் முடிந்து வெளியே வந்து, "என் அம்மாவுக்கும் நிறுத்திவிட்டார்கள், ஆனால் கட்சியை விட்டுக்கொடுக்க முடியவில்லை" என்றார். அந்த ஒருவரைப் பற்றி நான் பிறகும் யோசித்திருக்கிறேன்.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அடி விழுந்தது. அதே நாள் நடந்த ரன்கோர்ன் இடைத்தேர்தலில் வலதுசாரி ரிஃபோர்ம் கட்சியிடம் ஆறே ஆறு வாக்கில் தோற்றோம். ஜூனில் கொடுப்பனவு திரும்ப வந்தது, ஆண்டு வருமானம் 35,000 பவுண்ட்ஸ் வரை உள்ளவர்களுக்கு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மாற்றுத்திறனாளிகளுக்கான 'பிப்' கொடுப்பனவை இறுக்கி, ஆண்டுக்கு ஏறக்குறைய 5 பில்லியன் பவுண்ட்ஸ் மிச்சம் பிடிக்கும் சட்டமூலம். ஏதாவது ஒரு அன்றாடச் செயலிலாவது குறைந்தது நான்கு புள்ளி எடுக்காவிட்டால் அன்றாட வாழ்க்கைக்கான கொடுப்பனவு இல்லை என்பது அதன் மையம். குளிக்க, உடுக்க, சமைக்க என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உதவி தேவைப்படுபவர் இதில் விழுந்துவிடுவார்.

மே மாதம் நாற்பதுக்கு மேற்பட்ட எம்.பிக்கள் இதை ஆதரிக்க முடியாது என்று கடிதம் எழுதினார்கள். அதை ஒழுங்கு செய்தவர் நீல் டங்கன்-ஜோர்டன். பூல் தொகுதியில் வெறும் 18 வாக்கு வித்தியாசத்தில் வந்த மனிதர். பாதுகாப்பான ஆசனத்தில் இருந்துகொண்டு வீரம் பேசியவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்தோடு மட்டும் நின்றிருந்தால் இன்னொரு ஏழு பேர் கதையாகவே முடிந்திருக்கும். ஜூனில் 120க்கு மேற்பட்ட லேபர் எம்.பிக்கள் சட்டமூலத்தை நிறுத்தும் திருத்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு முன்னால் நின்றவர் மெக் ஹில்லியர், நிதித் தெரிவுக்குழுவின் தலைவர். அவரை இடதுசாரி என்று அவருடைய எதிரிகள்கூடச் சொல்லமாட்டார்கள். விக்கி ஃபொக்ஸ்குரொஃப்ட் கொறடாப் பதவியையே விட்டுவிட்டு வந்தார்.

ஜூலை 1 அன்று விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து 'பிப்' பகுதியையே கைவிடுவதாக அறிவித்தார். சட்டமூலம் 335க்கு 260 என்று கடந்தது. அதற்குப் பிறகும் 49 லேபர் எம்.பிக்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். 160க்கு மேல் பெரும்பான்மை வைத்திருந்த அரசு தன் சொந்த ஆட்களிடம் மண்டியிட்ட நாள் அது.

தோழரே, அன்று கோர்பினும் சுல்தானாவும் தொடங்கிய உங்கள் புதுக் கட்சி அந்தச் சபைக்குள் இருந்திருந்தால் எத்தனை வாக்கு கொண்டுவந்திருக்கும்? ஐந்து? பத்து? அரசைத் திருப்பியது வெளியில் நின்ற எவரும் அல்லர். கொறடாவுக்குப் பயந்து ஒரு வருடம் வாயை மூடியிருந்த, நீங்கள் 'ஸ்டாமரின் ஆடுகள்' என்று முகநூலில் எழுதிய அதே நடுவில் நிற்கும் ஆட்கள்தான்.

மச்சான், நீங்களும் கேளுங்கள். அந்த நூற்றிருபது பேரின் வாயில் இருந்த வாதம் யாருடையது? மாற்றுத்திறனாளிகளின் காசில் கைவைக்காதே என்று மார்ச் மாதமே சொன்னது யார்? முதலில் சொன்னவனுக்கு அடி, கடைசியில் வந்தவனுக்குச் சலுகை. இரண்டு கிழமை கழித்து ஜூலை 16 அன்று நான்கு பேரை இடைநிறுத்தினார்கள்: டங்கன்-ஜோர்டன், ரேச்சல் மாஸ்கெல், பிரையன் லீஷ்மன், கிறிஸ் ஹிஞ்ச்லிஃப். மெக் ஹில்லியருக்கு ஒன்றும் இல்லை. இருக்கவும் கூடாது. ஆனால் கணக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

பிறகு நவம்பர் 26. வரவுசெலவுத் திட்டத்தில் ரேச்சல் ரீவ்ஸ் எழுந்து, 2026 ஏப்ரலிலிருந்து இரண்டு பிள்ளை வரம்பு முழுதாக நீக்கப்படும் என்றார். 450,000 பிள்ளைகள் வறுமையிலிருந்து வெளியே வருவார்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. எங்கள் ஆசனங்களில் பெரிய ஆரவாரம். ஏழு பேரை வெளியே தள்ளி பதினாறு மாதம். அந்த ஏழில் நான்கு பேரைப் பெப்ரவரியிலும், மெக்டொனலையும் அப்சானா பேகத்தையும் செப்டெம்பரிலும் திருப்பி எடுத்திருந்தார்கள். சுல்தானா ஜூலையிலேயே கட்சியை விட்டுப் போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல்லை எங்கேயும் நான் கேட்கவில்லை.

அந்த ஏழு பேரால்தான் இது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படி எழுதினால் உணர்ச்சியாக இருக்கும், உண்மையாக இருக்காது. ஜூலை 1க்குப் பிறகு பதவியில்லாத பின்வரிசை எம்.பிக்களுக்குப் பயம் தெளிந்துவிட்டது, அதுதான் நடந்தது. இனி எங்களைக் கேட்காமல் வரவுசெலவுத் திட்டம் போகாது என்று அவர்களுக்கும் தெரிந்தது, ரீவ்ஸுக்கும் தெரிந்தது. உள்ளே இருக்கும் இடதுசாரிக்கு வேலை இரண்டு. முதலில் தனியாக நின்று சொல்வது. பிறகு, தன்னோடு ஒரு மேசையில் இருக்க விரும்பாதவனும் அதைத் தன் வாயால் சொல்ல இடம் விடுவது. முதலாவதில் எங்கள் ஆட்கள் விண்ணர்கள். இரண்டாவது எங்களுக்கு வராது. வேறொருவன் எங்கள் வசனத்தைச் சொன்னால், "நீ போன வருசம் எங்கை இருந்தனீ?" என்றுதான் முதல் கேட்போம். தேவாலய மண்டப வாசலில் நின்ற அந்த மனிதரிடம் நானே அப்படித்தான் கேட்டேன். அவர் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

இது புதிதாகத் தொடங்கிய கதையும் அல்ல. தேசிய சுகாதார சேவையைக் கட்டிய அனைரின் பெவனை 1939இல் இதே கட்சி வெளியேற்றியது. அந்த வருடமே திரும்ப எடுத்தது. 1945இல் அவர் சுகாதார அமைச்சர், 1948 ஜூலை 5 அன்று இலவச மருத்துவம். 1951இல் கொரியப் போருக்கான ஆயுதச் செலவுக்காகப் பல்லுக்கும் கண்ணாடிக்கும் காசு அறவிடப் போனபோது பதவியைத் தூக்கி எறிந்தார். கூடவே எறிந்தவர் ஹரோல்ட் வில்சன், பின்னாளில் பிரதமர். அந்த ஒக்டோபரில் கட்சி தேர்தலில் தோற்றது. திரும்பி ஆட்சிக்கு வர 13 வருடம் பிடித்தது. மச்சான் இதைத்தான் எனக்கு எதிராக எடுப்பார்: "பாத்தியளோ, குழப்பினால் தோல்வி." எடுக்கட்டும். அந்தத் தேர்தலில் கன்சர்வேடிவ்காரரைவிட லேபருக்கே வாக்கு அதிகம் விழுந்தது என்பதையும் சேர்த்து எடுக்கட்டும்.

எங்கள் ஆட்கள் இந்தக் கட்சிக்குள் வந்த பாதையைப் பற்றியும் ஒரு சொல். 2009இல் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாங்கள் இரவு பகலாக இருந்தபோது ஆட்சியில் இருந்தது தொழிற்கட்சிதான். மெக்டொனல் அந்த ஜனவரியில்தான் ஹீத்ரோ மூன்றாவது ஓடுபாதைக்கு எதிராகச் சபையின் செங்கோலைத் தூக்கி ஐந்து நாள் வெளியேற்றப்பட்டிருந்தார், தன் சொந்தக் கட்சியின் ஆட்சியில். (ஓடுபாதைத் திட்டம் இப்போது திரும்ப வந்திருக்கிறது. அந்த மனிதரும் அதே எதிர்ப்போடு அங்கேயே இருக்கிறார்.) அவரும் கோர்பினும் எங்கள் கூட்டங்களுக்கு வந்தார்கள், பேசினார்கள். ஆனால் எங்களுக்காக விடாமல் குரல் கொடுத்தவர்களில் ஷிவோன் மெக்டொனாவும் ஒருவர். அவர் கட்சியின் வலதுபக்கம், கோர்பினின் பரம எதிரி. தமிழருக்கு ஒருவர் நண்பர் என்பதற்காக மற்ற எல்லாவற்றிலும் அவர் சரி என்று ஆகாது. இரண்டு பக்கத்தையும் பார்த்தே சொல்கிறேன்.

எனக்கு உள்ள கவலை வேறு. 2017 முடிவில் இந்தக் கட்சியில் 560,000 பேருக்கு மேல் உறுப்பினர். 2024 முடிவில் ஏறக்குறைய 333,000. 2025 ஒக்டோபரில் துணைத் தலைவர் தேர்தல் நடந்தது. அமைச்சரவையிலிருந்து தூக்கப்பட்ட லூசி பவல் 54 வீதத்தோடு வென்றார். தலைமைக்கு அது ஒரு கன்னத்தில் அறைதான். ஆனால் வாக்களித்தவர்கள் 16.6 வீதம். இடதுசாரி வேட்பாளர் பெல் ரிபெய்ரோ-அடி வாக்குச்சீட்டுக்கே வரவில்லை, 80 எம்.பிக்களின் நியமனம் வேண்டியிருந்தது. அந்த விதியை 2021 மாநாட்டில் இறுக்கியிருந்தார்கள். 2015இல் கோர்பின் 35 வேண்டிய இடத்தில் 36 எடுத்து உள்ளே வந்தார். அந்தக் கதவை மூடி, திறப்பையும் எறிந்துவிட்டார்கள். தோழரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் உறுப்பினர் அட்டையைக் கிழித்த ஒவ்வொருவரும் அந்தக் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கோட் போட்ட அம்மாவைப் போன மாதம் கடையில் கண்டேன். காசு திரும்ப வந்துவிட்டதாம். "அப்ப எங்களுக்கு வோட்டோ அம்மா?" என்று பகிடியாகக் கேட்டேன். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "பாப்பம் தம்பி" என்றார். பார்ப்பம் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வியாழன் ஏழு மணிக்குக் கிளைக் கூட்டம். வாடகை வீடுகளைப் பற்றி ஒரு தீர்மானம் வைத்திருக்கிறேன், வழிமொழிய ஒரு ஆள் வேண்டும். அந்தத் தேவாலய வாசல் மனிதருக்கும் நேற்று ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது, பதில் இல்லை. வருகிறவர்கள் ஜாக்கெட்டோடு வாருங்கள், மண்டபத்தில் ஹீற்றர் வேலை செய்யாது.