அனுப்புவதா, வைத்துக்கொள்வதா

ராத்திரி மனசு குலைந்த ஒருவரை அவசரப் பிரிவில் கொண்டுவந்து உட்கார வைத்ததும் வீட்டார் கேட்பது இதுதான்: "டாக்டர், தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா?" மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் அந்த ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அங்கே இருப்பது 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை. இன்றைய பெயர் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். அந்தப் பயத்தில் பாதி விஷயத்தை டாக்டரிடம் மறைத்துவிடுகிறோம். முடிவு பிசகுவது அங்கேதான்.

டாக்டர் முதலில் பார்ப்பது உடம்பை. விரல் நுனியில் ஒரு குத்து, சீனி அளவு. பிறகு காய்ச்சல், பிரஷர், தலையில் அடிபட்டிருக்கிறதா என்று. சீனி இறங்கினாலும் ஆள் பிதற்றுவார், அடிக்கக் கை ஓங்குவார். சம்சு குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் 2, 3 நாளில் கை நடுங்கும், சுவரில் இல்லாத பூச்சி ஊரும். பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கக் கொண்டுபோனால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்தது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அடுத்து நேரடியாகக் கேட்பார்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று நம்மவர்கள் பதறுகிறார்கள். வராது. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று மனப்பாரம் இறங்குகிறவர்கள்தான் அதிகம். நம் பெண்கள் பலர் "நெஞ்சு அடைக்குது, தூக்கம் வரல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் போன வாரம் அக்காவிடம் "பிள்ளைங்கள நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்த வார்த்தையை அப்படியே டாக்டர் காதில் போடுங்கள். தமிழ் தெரியாத டாக்டருக்குப் பத்து வயது மகனை மொழிபெயர்க்க நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது. பெற்ற பிள்ளை வாய்வழியாக ஒரு தாய் இதை எப்படிச் சொல்வாள்? தமிழ் பேசும் தாதியைக் கேளுங்கள். தனியாகப் பேசவும் விடுங்கள்.

கேள்விப் படிவத்தில் புள்ளி போட்டு, கூட்டுத்தொகையை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில் அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. குறைந்த புள்ளி வாங்கியவரும் இறந்துபோகிறார். அதனால்தான் நல்ல டாக்டர் இன்றைய ராத்திரியைப் பற்றிக் கேட்பார்: கூட யார் படுப்பார்கள், குடி உண்டா, முன்பு முயன்றிருக்கிறாரா, கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது.

இந்தக் கடைசிக் கேள்வி தோட்டத்துக்கு முக்கியம். பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020 முதல் தடை. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் லயத்து வீட்டின் பின்கட்டில், மண்ணெண்ணெய் டின் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டுக்கு அனுப்புவதானால் அவற்றை அன்றைக்கே வெளியே எடுத்து, ஸ்டோரில் பூட்டி, சாவியை வேறு வீட்டில் கொடுக்க வேண்டும். சாகத் துடிக்கும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். தணியும்வரை கைக்கு எதுவும் எட்டக்கூடாது.

கூட இருக்க ஆளில்லை, காதில் குரல் கட்டளையிடுகிறது என்றால் வார்டில் அனுமதிக்கத்தான் வேண்டும். சம்மதிக்காவிட்டாலும், உறவினர் விண்ணப்பமும் மருத்துவ அதிகாரியின் பரிந்துரையும் இருந்தால் 2001 மனநலச் சட்டப்படி 1 மாதம் வரை வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து "தெரியாம குடிச்சிட்டாரு" என்று கதை கட்ட வேண்டாம்.

வார்டிலிருந்து வந்த முதல் வாரம் மிக ஆபத்தானது. கிளம்பும் முன் அடுத்த தேதியை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் 7 நாளுக்குள் ஒரு தேதி கேளுங்கள். தோட்டத்திலிருந்து வர வண்டி இல்லையென்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள், போனிலாவது விசாரிக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அட்டையின் பின்பக்கம் மனநல உதவிக்கு ஹீல் லைன் 15555, அவசரத்துக்கு 999 என்று பெரிதாக எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.