மூட் கோர்ட் வெறும் பேச்சுப்போட்டியா? உண்மை விளக்கம்

மூட் கோர்ட் என்பது கற்பனை வழக்கு ஒன்றில் சட்ட மாணவர்கள் வழக்கறிஞர்களாக வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி. “மூட் கோர்ட் என்பது பேச்சுப்போட்டிதான், நாவன்மை இல்லாதவர்கள் சேர்ந்து பயனில்லை” என்று சட்ட மாணவர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1960-ல் தொடங்கிய ஜெஸ்ஸப் என்ற சர்வதேசச் சட்ட மூட் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கற்பனை நாடுகளுக்கு இடையிலான வழக்கு. ஒவ்வொரு அணியும் இரு தரப்புக்கும் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும், அப்புறம் இரு பக்கமும் நின்று வாதாடவும் வேண்டும். எழுத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. மனப்பாட உரை அங்கே எடுபடாது. இரண்டாவது வாக்கியத்திலேயே நீதிபதி குறுக்கிட்டு, “உங்கள் வாதப்படி பார்த்தால் எதிர்த்தரப்புக்கும் அதே உரிமை வருமே?” என்பார். அந்த நொடியில் கைகொடுப்பது குரல்வளம் அல்ல, வழக்கு ஆவணத்தை வரிவரியாகப் படித்த உழைப்பு. கூச்ச சுபாவம் இதற்குத் தடையே இல்லை.

“நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கும் சமரசமெல்லாம் வாதாடத் தெரியாதவர்களுக்கு” என்றும் அதே செய்தி சொல்கிறது. இதுவும் பொய்தான். நீதிமன்றத்துக்கு வெளியே என்றாலும் வாதத்துக்கு இடம் உண்டு: வியன்னாவில் நடக்கும் விஸ் மூட் என்ற போட்டி முழுக்க நடுவர் தீர்ப்பாய வாதம், அதாவது நீதிபதிக்குப் பதில் நடுவர்கள் முன் வாதாடுவது. சமரசத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதால்தான் சர்வதேச வணிகச் சபை (ICC) மாணவர்களுக்கெனவே சமரசப் போட்டி நடத்துகிறது. “எவ்வளவு வேண்டும்?” என்பதோடு நிற்காமல் “அது ஏன் வேண்டும்?” என்று கேட்கப் பழகும் இடம் அது.

மேடை ஏறத் தயக்கமா? முதல் வருடம் ஆய்வாளராகச் சேருங்கள்; பல மூட் அணிகளில் அதற்கென்றே இடம் உண்டு.