‘கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாம்’ என்பது ஏட்டளவில்தான்

“சீக்கிரம் மணம் முடித்தாலும் பெண் படிப்பைத் தொடரலாம்; பள்ளிதான் வீணாகக் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். தொடரலாம், ஏட்டளவில். அடுப்படியும் கைக்குழந்தையும் தலையில் விழுந்தபின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் எத்தனை மாதம் நிற்கும்? பள்ளியோ அந்தச் சீக்கிர மணத்தையே தள்ளிப்போடுகிறது: உலக வங்கியும், பெண்கள் குறித்து ஆராயும் ஐசிஆர்டபிள்யூ மையமும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல நாடுகளில் இடைநிலைக் கல்வியில் கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் 18 வயதுக்கு முன் மணமாகும் வாய்ப்பை 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ குறைக்கிறது.

பள்ளிகளும் யோக்கியமல்ல என்பது வேறு கதை. கருவுற்ற மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்ற தடையை ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் 2020இல்தான் நீக்கியது, தான்சானியா 2021இல். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால், “பிள்ளை ஏன் ஒரு வாரமாக வரவில்லை?” என்று வீடு தேடி வந்து கேட்கும் ஆசிரியரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.